பறித்த பின்னும் மூச்சு விடும் காய்கறிகள்: சேமிப்பின் கதை

செடியிலிருந்து பறித்த கத்தரிக்காய்க்கு உயிர் இருக்கிறதா? யாரைக் கேட்டாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். வேர் இல்லை, இலை இல்லை, தண்ணீர் இல்லை, அப்புறம் எப்படி உயிர் இருக்கும்!

ஆனால் உண்மை வேறு. கூடைக்குள் கிடக்கும் கத்தரிக்காயும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆக்சிஜனை இழுத்து, தன்னிடம் உள்ள சர்க்கரையை எரித்து, கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் வெப்பத்தையும் வெளியே விடுகிறது. செடியில் இருந்தவரை, எரிந்த சர்க்கரைக்கு ஈடாக இலைகள் புதுச் சர்க்கரையை அனுப்பின. வேர்கள் தண்ணீரை அனுப்பின. காம்பை வெட்டியதும் வரவு நின்றுவிட்டது. செலவு மட்டும் தொடர்கிறது. கையிருப்பு குறையக் குறையக் காய் வதங்கும், சுருங்கும், நிறம் மாறும், கடைசியில் அழுகும்.

காய்கறிச் சேமிப்பு என்பது இந்தச் செலவைக் குறைக்கும் வேலை. கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் இதைப் புரிந்துகொள்ள மனிதனுக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆயின. இடையில் ஒரு நாட்டில் பத்து லட்சம் பேர் செத்தார்கள். இன்றைக்கும் தக்காளி விலை விழுந்தால் விவசாயி கூடை கூடையாகச் சாலையில் கொட்டுகிறார். நாளைக்கு விலை ஏறும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் நாளை வரை தக்காளி தாங்காது. எனவே இந்த வரலாற்றை "யாரால் காத்திருக்க முடிந்தது, யாரால் முடியவில்லை" என்ற கேள்வியோடு படித்தால்தான் முழுதாகப் புரியும்.

உறைய வைத்து, காய வைத்து, புளிக்க வைத்து

பழங்கால மக்கள் காயை அப்படியே வைத்திருக்க முடியாது என்று கண்டுகொண்டார்கள். அதனால் அதை வேறொன்றாக மாற்றி வைத்தார்கள்.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் இரவில் பனி உறையும், பகலில் வெயில் அடிக்கும். அங்குள்ள மக்கள் உருளைக்கிழங்கை இரவில் தரையில் பரப்பி உறைய விட்டார்கள். பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்தார்கள். சில நாட்கள் இப்படிச் செய்து வெயிலில் உலர்த்தினால் கல் போன்ற, எடையற்ற கிழங்கு கிடைக்கும். அதற்குப் பெயர் சுன்யோ. பல ஆண்டுகள் கெடாது. இன்றும் பெரு, பொலிவியா சந்தைகளில் விற்கிறார்கள்.

இன்கா பேரரசு இதோடு நிற்கவில்லை. மலைச் சரிவுகளில் வரிசை வரிசையாகக் கல் கிடங்குகள் கட்டியது. பெருவில் உள்ள உவானுகோ பம்பா என்ற ஒரே இடத்தில் மட்டும் ஏறத்தாழ 500 கிடங்குகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. சரிவின் குளிர்காற்று உள்ளே போய் வருவதற்குத் தரையில் வழி விட்டிருந்தார்கள். விளைச்சல் பொய்த்தாலும் படைவீரர்களுக்கும் மக்களுக்கும் கொடுக்கக் கையில் உணவு இருந்தது. காத்திருக்கும் சக்தி அங்கே அரசின் கையில் இருந்தது எனலாம்.

வெயில் மட்டும் கிடைத்த இடங்களில் வெயிலே வழி காட்டியது. நம் ஊர் சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், கொத்தவரங்காய் வற்றல், மோர் மிளகாய் எல்லாம் இந்த வகைதான். நீரை எடுத்துவிட்டால், உப்பையும் சேர்த்துவிட்டால், கிருமி வளர இடம் இல்லை. குளிர் நாடுகளில் முட்டைக்கோஸை உப்பில் புளிக்க வைத்தார்கள். ஜெர்மானியரின் சார்க்ராட், கொரியர்களின் கிம்ச்சி இரண்டும் இப்படி வந்தவை. 18ஆம் நூற்றாண்டில் கேப்டன் ஜேம்ஸ் குக் தன் நீண்ட கடற்பயணங்களில் சார்க்ராட்டை ஏற்றிச் சென்றார். காய்கறி கிடைக்காத கடலில் மாலுமிகளை ஸ்கர்வி நோய் தாக்காமல் காக்கத்தான்.

இவை எல்லாம் நல்ல வழிகளே. ஆனால் வற்றல் வற்றல்தான், பச்சைக் காய் ஆகாது. பச்சையாகவே வைத்திருக்க வேண்டும் என்றால் காய்க்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

மூச்சைக் கண்டுபிடித்தவர்

பிரான்ஸ் நாட்டின் மோன்பெலியே நகரைச் சேர்ந்த வேதியியலாளர் ழாக் எத்தியன் பெரார். இவர் 1821ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். பறித்த பழங்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகின்றன என்று காட்டினார். அதைவிட முக்கியமாக, ஆக்சிஜன் இல்லாத ஜாடிக்குள் வைத்த பழம் பழுக்கவில்லை. சில நாட்கள் கழித்து வெளியே எடுத்ததும் பழுக்கத் தொடங்கியது! அதாவது காயைத் "தூங்க" வைத்துப் பிறகு எழுப்ப முடியும் என்று தெரிந்தது. பிரெஞ்சு அறிவியல் கழகம் இதற்குப் பரிசளித்தது.

ஆனால் இந்தக் கண்டுபிடிப்பு விவசாயியின் கிடங்குக்கு வந்து சேர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அயர்லாந்தின் குழிகள்

இந்த இடைவெளியில்தான் அயர்லாந்தின் சோகம் நடந்தது. அங்கே ஏழை மக்களின் முக்கிய உணவு உருளைக்கிழங்கு. அறுவடை செய்த கிழங்கை நிலத்திலேயே ஆழமில்லாத குழியில் குவித்து, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, குளிர்காலம் முழுவதும் எடுத்துச் சாப்பிடுவார்கள். குளிரும் ஈரமும் சேர்ந்து கிழங்கைக் காத்தன. தலைமுறை தலைமுறையாக இந்த முறை ஏமாற்றியதில்லை.

1845ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஏமாற்றியது. தோண்டும்போது நல்லதாகத் தெரிந்த கிழங்கைக் குழியில் போட்டார்கள். சில வாரங்களில் திறந்து பார்த்தால் கருத்து, நாறும் கூழாகக் கிடந்தது.

பிரிட்டிஷ் அரசு உடனே ஓர் அறிவியல் குழுவை அமைத்தது. அதில் தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி, வேதியியலாளர்கள் லயன் பிளேஃபேர், ராபர்ட் கேன் ஆகியோர் இருந்தனர். ஈரம்தான் காரணம் என்று கருதி, கிழங்கை நன்றாக உலர்த்துங்கள், குழியில் காற்றோட்டம் விடுங்கள் என்று அறிவுரை அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பினார்கள். மக்கள் சொன்னபடி செய்தார்கள். ஆனாலும் கிழங்கு அழுகியது.

காரணம் குழி அல்ல. பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிர் வயலிலேயே கிழங்குக்குள் புகுந்திருந்தது. 1846இல் மைல்ஸ் பெர்க்லி என்ற பாதிரியார் இதைச் சொன்னபோது பெரிய அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. 1861இல்தான் ஜெர்மானிய அறிஞர் அன்டன் டி பாரி அதைச் சோதனை மூலம் நிரூபித்தார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த நோய்களிலும் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தனர். அதற்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டுக் கப்பல் ஏறினர். பஞ்ச காலத்திலும் அயர்லாந்தில் விளைந்த தானியம் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது என்பது தனிக் கொடுமை. கிழங்கை மட்டும் நம்பியிருந்தவனுக்கு வேறு கையிருப்பு இல்லை.

சேமிப்பு பற்றிய முதல் பாடம் இதில் இருக்கிறது. கிடங்கு என்பது மருத்துவமனை அல்ல. உள்ளே போன காயின் தரத்தை அது உயர்த்தாது. நோயுற்ற காயை நலமாக்காது. இருக்கும் தரம் விழும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்.

நகக்கீறலும் நஷ்டமும்

இரண்டாவது பாடம் அமெரிக்காவில் கிடைத்தது. 1900களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவிலிருந்து கிழக்கு நகரங்களுக்கு ரயிலில் போன ஆரஞ்சுப் பழங்கள் வழியிலேயே பூசணம் பிடித்து அழுகின. விவசாயிகள் ரயில்காரர்களைத் திட்டினார்கள். பெட்டியில் பனிக்கட்டி போதவில்லை, ரயில் தாமதம் என்றெல்லாம் சண்டை.

அமெரிக்க வேளாண் துறை ஜி. ஹரால்ட் பவல் என்பவரை அனுப்பியது. அவர் ரயிலிலிருந்து தொடங்காமல் தோட்டத்திலிருந்து தொடங்கினார். பறிக்கும் கத்தரிக்கோலின் முனை தோலில் கீறுகிறது. நகம் படுகிறது. பெட்டியில் தூக்கிப் போடும்போது அடிபடுகிறது. இந்தக் காயங்கள் வழியாகத்தான் பூசணம் உள்ளே போகிறது என்று கண்டார். கவனமாகப் பறித்து அனுப்பிய பழங்கள் அதே ரயிலில், அதே தூரம் போய் நன்றாக இறங்கின. 1908இல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. அதன் பிறகு பறிக்கும் முறையும், பெட்டியில் அடுக்கும் முறையும் மாறின.

ஆரஞ்சுக்குச் சொன்னது தக்காளிக்கும் கத்தரிக்கும் அப்படியே பொருந்தும். நம் ஊர்ச் சந்தைகளில் மூட்டையை லாரியிலிருந்து பொத்தென்று கீழே போடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் பவலின் பாடம் நினைவுக்கு வர வேண்டும். அன்று விழுந்த அடி அன்றே தெரியாது, மூன்றாம் நாள்தான் தெரியும். அதற்குள் காய் வேறொருவர் கைக்குப் போயிருக்கும்!

பனிக்கட்டியிலிருந்து எந்திரக் குளிருக்கு

வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் காய்களின் சுவாசம் சுமார் இரண்டு முதல் மூன்று மடங்கு கூடும். அதனால் சேமிப்பின் முதல் ஆயுதம் குளிர்ச்சி. ஆனால் வெப்ப நாட்டில் குளிருக்கு எங்கே போவது?

ஒரு காலத்தில் குளிரும் கப்பலில் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் ஃபிரெடரிக் டியூடர், உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னையில் அதே பனிக்கட்டியை வைப்பதற்காக 1842இல் எழுந்த கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். மெரினா கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்ற பெயரில் நிற்கிறதே, அதேதான். அந்தப் பனிக்கட்டி ஆங்கிலேயர்களின் மேசைக்குத்தான் போனது. சந்தைக் காய்கறிக்கு அல்ல. நீராவி எந்திரத்தால் இங்கேயே பனிக்கட்டி செய்ய முடிந்தபோது அந்த வியாபாரம் படுத்துவிட்டது.

1870களில் ஜெர்மனியின் கார்ல் வான் லிண்டே அம்மோனியா குளிர்விப்பு எந்திரத்தைச் செம்மைப்படுத்திய பின் பெரிய குளிர்சாதனக் கிடங்குகள் வந்தன. 1930களின் இறுதியில் அமெரிக்காவின் ஃபிரெடரிக் மெக்கின்லி ஜோன்ஸ், லாரி குலுங்கினாலும் பழுதாகாத குளிர்விப்பு எந்திரத்தை உருவாக்கினார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, தானே படித்து மெக்கானிக் ஆன கறுப்பினத்தவர் அவர். 1991இல், அவர் இறந்து முப்பது ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. வயலிலிருந்து கடை வரை அறுபடாத குளிர்ச் சங்கிலி என்று இன்று பேசப்படுவதற்கு அவருடைய எந்திரமும் ஓர் அடிப்படை.

ஆனால் குளிர் எல்லாக் காய்க்கும் ஒன்றல்ல. கேரட்டும் முட்டைக்கோஸும் 0 டிகிரிக்கு அருகில் மகிழ்ச்சியாக இருக்கும். தக்காளி, கத்தரி, வெண்டை, வெள்ளரி எல்லாம் வெப்ப நாட்டுப் பிள்ளைகள். சுமார் 10 டிகிரிக்குக் கீழே போனால் அவற்றின் செல்கள் காயப்படும். தோலில் பள்ளம் விழும், சுவை போகும், வெளியே எடுத்ததும் வேகமாக அழுகும். உருளைக்கிழங்கை 4 டிகிரிக்குக் கீழே வைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இனிக்கும். சிப்ஸ் போட்டால் கருத்துப் போகும். இதெல்லாம் ஒரே நாளில் தெரிந்ததல்ல. கிடங்கு கிடங்காக நஷ்டப்பட்டுக் கற்றது.

காற்றை மாற்றிய இருவர்

முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டனுக்கு வந்த உணவுக் கப்பல்களை மூழ்கடித்தன. உணவை வீணாக்காமல் வைப்பது எப்படி என்ற கேள்வி நாட்டின் உயிர்ப் பிரச்சினை ஆனது. 1918 வாக்கில் கேம்பிரிட்ஜில் ஃபிராங்க்ளின் கிட், சிரில் வெஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள், பெரார் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

குளிர்ச்சியோடு, அறையின் காற்றில் ஆக்சிஜனைக் குறைத்துக் கார்பன் டை ஆக்சைடைக் கூட்டினால் ஆப்பிள் இன்னும் நீண்ட காலம் தாங்கும் என்று அவர்கள் காட்டினர். இதில் அழகு என்னவென்றால், வாயுவை வெளியிலிருந்து வாங்க வேண்டியதில்லை. அறையை இறுக்கி மூடினால் ஆப்பிளின் மூச்சே காற்றை மாற்றிவிடும்! அளவு மீறாமல் காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்தினால் போதும். ஆக்சிஜன் ஒரேயடியாகத் தீர்ந்துவிட்டால் காய் புளித்துக் கெட்டுவிடும்.

1929இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு விவசாயி இந்த முறையில் சுமார் 30 டன் ஆப்பிள் வைக்கும் கிடங்கைக் கட்டினார். பிறகு இது உலகெங்கும் பரவியது. இன்று முட்டைக்கோஸ் போன்ற காய்களுக்கும் குளிர் நாடுகளில் இந்த முறை பயன்படுகிறது.

கண்ணுக்குத் தெரியாத வாயு

இன்னொரு மர்மம் பாக்கி இருந்தது. ஒரு கூடையில் ஒன்று பழுத்தால் மற்றவையும் ஏன் பழுக்கின்றன?

1901இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் திமித்ரி நெல்யூபோவ் என்ற ஆராய்ச்சி மாணவர் பட்டாணி முளைகளை வளர்த்தார். ஆய்வகத்துக்குள் வளர்ந்தவை மேலே போகாமல் பக்கவாட்டில் சாய்ந்தன. வெளிக்காற்றில் வளர்ந்தவை நேராக நின்றன. ஆய்வகத்தில் எரிந்த விளக்கு வாயுவில் இருந்த எத்திலீன்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். 1910இல் ஜமைக்காவின் வேளாண் அறிக்கையில் எச். எச். கசின்ஸ் என்பவர், கப்பலில் ஆரஞ்சோடு வாழைப்பழம் ஏற்றினால் வாழை சீக்கிரம் பழுத்துவிடுகிறது என்று எழுதினார். கலிஃபோர்னியாவிலோ எலுமிச்சை மஞ்சள் நிறம் ஆவதற்காக மண்ணெண்ணெய் அடுப்பு வைத்த அறையில் அடைத்தார்கள். வெப்பத்தால் நிறம் மாறுகிறது என்று நினைத்திருந்தார்கள். உண்மையில் புகையில் இருந்த எத்திலீன்தான் அந்த வேலையைச் செய்தது என்று 1924இல் எஃப். ஈ. டென்னி காட்டினார்.

நம் ஊரில் வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்க வைக்கும் பழக்கத்துக்கும் இதே விளக்கம்தான். பெயர் தெரியாமலே நம் முன்னோர் எத்திலீனைப் பயன்படுத்தினார்கள்.

1934இல் ரிச்சர்ட் கேன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், பழமே எத்திலீனை உண்டாக்குகிறது என்று வேதியியல் முறையில் நிரூபித்தார். 1979இல் கலிஃபோர்னியாவில் ஷாங் ஃபா யாங்கும் டக்ளஸ் ஆடம்ஸும் செடிக்குள் அது உருவாகும் வழியைக் கண்டுபிடித்தனர். 1990களில் எட்வர்ட் சிஸ்லர், சில்வியா பிளாங்கன்ஷிப் என்ற இருவர் எத்திலீனின் கட்டளையைக் காய் "கேட்காமல்" செய்யும் ஒரு பொருளைக் கண்டுபிடித்தனர். இன்று கடையில் மாதக்கணக்கில் மொறுமொறுப்பாக இருக்கும் ஆப்பிளுக்குப் பின்னால் பெரும்பாலும் அது இருக்கிறது.

காய்கறிக்கும் இதில் பங்கு உண்டு. ஆப்பிளோடு ஒரே பெட்டியில் வைத்த கேரட் கசக்கும். வெள்ளரியும் கீரையும் மஞ்சளாகும். எனவே கிடங்கில் எதை எதோடு வைக்கிறோம் என்பதும் ஒரு கணக்கு.

மண்பானையும் செங்கல் தொட்டியும்

இதுவரை சொன்ன பெரிய கண்டுபிடிப்புகளுக்கு எல்லாம் மின்சாரமும் முதலீடும் வேண்டும். இரண்டும் இல்லாதவர் என்ன செய்வார்?

1980களின் தொடக்கத்தில் டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் (பூசா என்றால் எல்லோருக்கும் தெரியும்) சுசாந்த குமார் ராயும் டி. எஸ். குர்தியாவும் ஒரு செங்கல் தொட்டியை வடிவமைத்தனர். இரண்டு வரிசைச் செங்கல் சுவர், நடுவில் சுமார் 7.5 சென்டிமீட்டர் இடைவெளி, அதில் ஆற்று மணல். மணலைத் தண்ணீர் ஊற்றி ஈரமாகவே வைக்க வேண்டும். மேலே மூங்கில் சட்டமும் வைக்கோலும் சேர்ந்த மூடி. தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். கடும் கோடையில் வெளியே இருப்பதைவிட 10 முதல் 15 டிகிரி வரை உள்ளே குறையும். காற்றில் ஈரப்பதம் 90 சதவீதம் வரை இருப்பதால் காய் வதங்காது. சுமார் 100 கிலோ வைக்கலாம். ஒரு கொத்தனார் ஒரே நாளில் கட்டிவிடக்கூடிய பொருள்!

1990களின் நடுவில் வடக்கு நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் இதே தத்துவத்தைப் பானையில் செய்தார். மண்பானை செய்யும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பெரிய பானைக்குள் சிறிய பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரத் துணி. அவ்வளவுதான். மூன்று நாளில் கெடும் கத்தரிக்காய் இதில் 27 நாள் வரை தாங்கியதாக அவருடைய சோதனைகளில் தெரிந்தது. 2000ஆம் ஆண்டு அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது.

அங்கே கவனிக்க வேண்டியது விருது அல்ல. அதுவரை அந்தக் கிராமங்களில் பறித்த காயை அன்றன்றே விற்றாக வேண்டும். அதற்காகப் பெண் குழந்தைகளைத் தினமும் தலைச்சுமையோடு சந்தைக்கு அனுப்பினார்கள். காய் சில வாரம் தாங்கும் என்று ஆனபோது அந்தப் பெண்கள் பள்ளிக்குப் போக நேரம் கிடைத்தது. ஒரு பானை ஒரு சிறுமிக்குப் படிப்பைக் கொடுத்தது என்றால் மிகை இல்லை.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. காற்று உலர்ந்திருந்தால்தான் தண்ணீர் வேகமாக ஆவியாகும். வடநாட்டுக் கோடைக்கும் சஹாரா ஓரத்துக்கும் பொருந்துவது, புழுக்கம் நிறைந்த கடற்கரை ஊர்களில் அந்த அளவு வேலை செய்யாது.

வெங்காயம் கற்பித்த பாடம்

இந்தியாவில் சேமிப்பு என்பது அரசியலும்கூட. ஐரோப்பாவில் உருளைக்கிழங்கு அறுவடை முடிந்ததும் குளிர்காலம் வருகிறது. இயற்கையே கிடங்கு ஆகிறது. கங்கைச் சமவெளியில் அறுவடை முடிந்ததும் கோடை வருகிறது! அதனால்தான் உத்தரப் பிரதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் அத்தனை குளிர்சாதனக் கிடங்குகள். நாட்டின் குளிர்சாதனக் கொள்ளளவில் பாதிக்கு மேல் உருளைக்கிழங்குக்குத்தான்.

வெங்காயத்தின் கதை வேறு. ஏப்ரல், மே மாதங்களில் வரும் ரபி வெங்காயம்தான் அக்டோபர் வரை நாட்டுக்குச் சோறு போட வேண்டும். வெங்காயம் 0 டிகிரியை ஒட்டிய குளிரிலும் தாங்கும், 25 முதல் 30 டிகிரி வெப்பத்திலும் தாங்கும். நடுவில் 10 முதல் 20 டிகிரி என்றால் முளைத்துவிடும். இதை நம் விவசாயிகள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். மகாராஷ்டிராவில் காந்தா சாள் என்ற காற்றோட்டக் கொட்டகை. தமிழ்நாட்டில் சின்ன வெங்காயத்துக்குப் பட்டறை. தரையிலிருந்து உயர்த்தி, பக்கங்களில் காற்று போகும்படி அமைத்து, மேலே கூரை போடுவார்கள். தாளை நன்றாகக் காயவிட்டு உள்ளே வைத்தால் சில மாதங்கள் தாங்கும். மழை ஈரம் புகுந்தால் மட்டும் எல்லாம் போச்சு.

1998இல் விளைச்சல் கெட்டு, வெங்காய விலை விண்ணைத் தொட்டது. அந்த ஆண்டு இறுதியில் டெல்லி சட்டமன்றத் தேர்தலில் ஆளும் கட்சி தோற்றதற்கு வெங்காயமும் ஒரு காரணம் என்று பேசப்பட்டது. 2002இல் நாசிக் அருகே லாசல்காவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் ஒரு கதிர்வீச்சு நிலையத்தை அமைத்தது. காமா கதிர் வெங்காயத்தின் முளையைத் தடுக்கும். வெங்காயம் கதிரியக்கம் உடையதாக ஆகிவிடாது. மேலை நாடுகளில் உருளைக்கிழங்கு முளைக்காமல் இருக்கப் பல ஆண்டுகள் பயன்பட்ட குளோர்புரோஃபாம் என்ற வேதிப்பொருளை, உடல்நலக் கேள்விகளால் ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் நிறுத்திவிட்டது. நேற்றைய தீர்வு நாளையும் தீர்வாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

எவ்வளவு வீணாகிறது?

"இந்தியாவில் 40 சதவீதக் காய்கறி வீணாகிறது" என்று மேடைக்கு மேடை சொல்வார்கள். ஆனால் லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைப் பின்சார் பொறியியல் நிறுவனம் 2015இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, காய்கறிகளில் இழப்பு 4.58 முதல் 12.44 சதவீதம் வரை என்கிறது. அதில் அதிக இழப்பு தக்காளிக்கு. பேசப்படுவதைவிட இது மிகக் குறைவு. அப்படியானால் பிரச்சினை இல்லையா?

இருக்கிறது. இந்தக் கணக்கு எடையின் இழப்பை மட்டும் சொல்கிறது. வதங்கிய கத்தரிக்காயும் யாரோ ஒருவருக்குப் பாதி விலைக்கு விற்றுத்தான் போகிறது. அது குப்பைக்குப் போகவில்லை என்பதால் கணக்கில் வராது. ஆனால் விவசாயியின் பையில் பாதிப் பணம் குறைந்துவிட்டது. 2018-19 மத்திய பட்ஜெட்டில் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு மூன்றுக்காக 500 கோடி ரூபாயில் ஆபரேஷன் கிரீன்ஸ் திட்டம் அறிவிக்கப்பட்டதும் இந்த விலை ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கத்தான்.

நைஜீரியாவில் 2015 முதல் இயங்கும் கோல்ட்ஹப்ஸ் என்ற நிறுவனம் வேறு வழியைக் காட்டுகிறது. சந்தைக்குள்ளேயே சூரிய சக்தியில் ஓடும் குளிர் அறை. விவசாயி அறையை வாங்க வேண்டாம். ஒரு கூடைக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்று சிறு வாடகை கொடுத்தால் போதும்.

முடிவாக

சாதாரண வீட்டுக்கும் இந்த வரலாற்றில் பயன் உண்டு. பழுக்காத தக்காளியை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். ஆப்பிளையும் கேரட்டையும் சேர்த்து வைக்க வேண்டாம். உருளைக்கிழங்கை வெளிச்சத்தில் போட்டால் பச்சையாகி நஞ்சு சேரும். அடிபட்ட காயை முதலில் சமைத்துவிட வேண்டும்.

ஆனால் பெரிய விஷயம் சமையலறைக்கு வெளியே இருக்கிறது. பெரார் முதல் யாங் வரை அறிவியல் கொடுத்தது எல்லாம் நாட்கள்தான். காய்க்குச் சில நாட்கள், சில வாரங்கள், சில மாதங்கள். அந்த நாட்கள் யார் கையில் போய்ச் சேர்ந்தன என்று பார்த்தால், கிடங்கு வைத்திருப்பவர் கையில்தான். அவர் மலிவாக வாங்கி, வைத்திருந்து, விலை ஏறியதும் விற்க முடிகிறது. விளைவித்தவரால் ஒரு வாரம்கூடக் காத்திருக்க முடிவதில்லை. கென்ட் பகுதி ஆப்பிள் விவசாயிக்குத் தன் சொந்தக் கிடங்கு இருந்தது. நைஜீரியச் சிறுமியின் வீட்டுக்கு ஒரு பானையாவது கிடைத்தது. தக்காளியைச் சாலையில் கொட்டும் விவசாயிக்கும் அவர் ஊரிலேயே, அவர் கொடுக்கக்கூடிய வாடகையில், ஒரு குளிர்ந்த இடம் கிடைக்க வேண்டும். அதற்குத் தேவையான அறிவியல் நூறு ஆண்டுகளாகக் கையில் இருக்கிறது.